பழைய மர பீரோவுல ஆடாதொடை காய வச்சது

நேத்து காலையில ஒம்பது மணிக்கு மூலிகை காய வைக்கிற பீரோக் கதவைத் திறந்து நடுத்தட்டுல இருந்து, இருமலுக்குக் கொடுக்கிற ஆடாதொடை இலை ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு மூடினேன், அப்பளம் நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. வெளியில மூணு நாளா விடாத சாரல், முந்தாநாள் கொடியில போட்ட துணி இன்னும் சொதசொதன்னு இருக்கு, ஆனா இந்த இலை பச்சை கூட மாறாம காய்ஞ்சு கிடக்கு. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க இலையைப் பார்க்கல, காம்பைத்தான் எடுத்து ஒடிச்சுப் பார்த்தாங்க. டக்குன்னு ஒடிஞ்சுச்சு. "ம், இது காஞ்சதுதானத்தா"ன்னு சொல்லிட்டு பாட்டில் கழுவப் போயிட்டாங்க. மூணு வருஷமா தோத்துப்போன வேலை இது, அதனால மறக்கிறதுக்குள்ள எழுதி வைக்கிறேன், மலையில இருக்கிற வேற யாருக்காவது உதவும்.

நாங்க இருக்கிறது கீழ்ப்பழனி மலையில, தாண்டிக்குடி பக்கம். காப்பி, மிளகு, நடுவுல மலைவாழை, நிழலுக்கு சில்வர் ஓக். காப்பித் தோட்டத்துல களையெடுப்பு வந்தாலே எங்க அத்தை முன்னாடி போயி நின்னுக்குவாங்க, இதை வெட்டாத, அதை விட்டுரு, அந்த ஓரத்துல அருவாளே வைக்காதன்னு. ஓடை ஓரமா வல்லாரை, காப்பிச் செடிக்கு இடையில மணத்தக்காளி, மேட்டுல தும்பை, கீழ வேலி முழுக்க ஆடாதொடை. குப்பைமேனியும் கீழாநெல்லியும் வீட்டைச் சுத்தி. அவங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது அவங்க அம்மாவும், அந்தக் காலத்துல தேன் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போற ஒரு பளியர் பழங்குடிப் பாட்டியும். எழுதி வச்சது எதுவும் கிடையாது, எல்லாம் கையிலயும் மூக்குலயும்தான் இருக்கு.

பிரச்சனை பறிக்கிறதுல இல்ல, காய வைக்கிறதுலதான். அத்தை எப்பவும் சொல்றது நிழல்ல உலர்த்தணும், வெயில்ல போட்டா இலை வெளுத்துரும், வாசம் போயிரும்னு. சித்த வைத்தியத்துலயும் இலைக்கு நிழல்ல உலர்த்துறதுதான் வழக்கம். கீழ சமவெளியில வத்தலக்குண்டுல இருந்தா திண்ணையில ஒரு வேட்டியை விரிச்சுப் போட்டா மூணு நாள்ல காஞ்சிரும். இங்க நிழல்னா ஈரம்னு அர்த்தம். ஆனா செடி நல்லா தளதளன்னு வர்றது மழைக்குப் பின்னாடி அந்த ரெண்டு மாசம்தான், காய வைக்க முடியாததும் அதே ரெண்டு மாசம்தான்.

முதல் வருஷம் திண்ணையில சாக்கு மேல பழைய வேட்டி விரிச்சு ரெண்டு கிலோ கீழாநெல்லி போட்டேன். நாலாம் நாள் அடிப்பக்கம் கருத்துச்சு, ஆறாம் நாள் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்துல பூசணம். பக்கத்து வீட்டு அக்கா, கொதிக்க வச்சுத்தானே குடிக்கப் போறோம், கழுவிட்டு வச்சுக்கோன்னாங்க. அதை மட்டும் செய்யாதீங்க. பூசணம் விடுற நஞ்சுல சிலது கொதிக்க வச்சாலும் போகாது, ஈரல் நல்லா இருக்கணும்னு குடிக்கிற கீழாநெல்லியில ஈரலைக் கெடுக்கிற நஞ்சைச் சேர்த்துக் குடிச்சா அது மருந்தா? ரெண்டு கிலோவையும் குழியில போட்டு மூடினேன்.

ரெண்டாவது வருஷம் விறகடுப்புக்கு மேல பரண். நாங்க மிளகு மிச்சத்தை அங்கதான் போடுவோம், அதனால தும்பையையும் அதே மாதிரி மூங்கில் தட்டுல பரப்பி ஏத்தினேன். மூணு நாள்ல காய்ஞ்சிருச்சு, ஆனா பூவுல இருந்து காம்பு வரைக்கும் ஒரே புகை நாத்தம், விரல்ல தேய்ச்சா கருப்பு ஒட்டுது. சளி பிடிச்சவங்களுக்கு ஆவி பிடிக்க வச்சிருந்த தும்பை அது, தண்ணியில போட்டதும் அடுப்படி வாசம் வந்துச்சு. மிளகுக்கு அந்தப் புகை சரி, இலைக்கு ஆகாது.

மூணாவது, போன பங்குனியில, ஒரு சோலார் பெட்டி. பக்கத்துத் தோட்டத்துல பிளாஸ்டிக் கூடாரம் போட்டு காப்பிக்கொட்டை காய வைக்கிறாங்க, அதைப் பார்த்து ஆசைப்பட்டு நாலடிக்கு ரெண்டடியில ரீப்பர் சட்டம் அடிச்சு, அடியில கருப்பு பெயிண்ட் அடிச்ச தகரம், மேல பாலிதீன் ஷீட்னு 870 ரூபா செலவு பண்ணினேன். வெயில் நாள்ல பதினோரு மணிக்கு உள்ள 63 டிகிரி. வல்லாரை ரெண்டு மணி நேரத்துல வைக்கோல் நிறத்துக்கு வந்துருச்சு. மத்தியானம் ரெண்டரைக்கு மூட்டம் இறங்கினதும் பாலிதீன் உள்பக்கம் வேர்த்து, சொட்டு சொட்டா அதே இலை மேல திரும்ப விழுது. அதாவது காலையில வறுபட்டு, சாயந்திரம் நனைஞ்சு. அப்பவும் நான் வெயில் பத்தலன்னுதான் நினைச்சேன், காத்து போக வழி வைக்கலங்கிறது மண்டையில ஏறல. அந்தப் பெட்டியில இப்ப மிளகு நாத்து வச்சிருக்கேன், அதுக்கு நல்லா இருக்கு.

இந்த வருஷம் பீரோ. மாமா காலத்து மர பீரோ ஒண்ணு, கதவு கீல் விட்டுப்போய் தொழுவத்துல கிடந்துச்சு. ரெண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நாலடி உயரம். உள்ள இருந்த பலகைத் தட்டை எல்லாம் கழட்டிட்டு ஊர்ல இருக்கிற ஆசாரி அண்ணன்கிட்ட அஞ்சு தட்டுக்கு சட்டம் அடிக்கச் சொன்னேன், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அஞ்சு இஞ்ச் இடைவெளி. அடியில பல்பு ரெண்டு, நூறு வாட் குண்டு பல்பு, இப்ப எல்லாக் கடையிலயும் கிடைக்கிறது இல்ல, மூணு கடை ஏறி இறங்கித்தான் வாங்கினோம். பல்புக்கும் முதல் தட்டுக்கும் பத்து இஞ்ச். மேல்பலகையில ஓட்டை போட்டு பழைய கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த ஃபேன், உள் காத்தை வெளிய தள்ளுற மாதிரி திருப்பி வச்சது.

தட்டுக்கு முதல்ல இரும்புக் கம்பி வலைதான் அடிச்சோம். முதல் நாளே ஈர இலை பட்ட இடமெல்லாம் துரு, இலையில கோடு கோடா பழுப்பு. அதைப் பிச்சு எறிஞ்சுட்டு ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலை. அது நடுவுல தொங்கிருச்சு, அதனால அடியில குறுக்கும் நெடுக்கும் தூண்டில் நரம்பு நாலு இழை இழுத்துக் கட்டினேன். இப்ப ஒரு தட்டு அரைக்கிலோ தாங்குது, ஆனா முந்நூறு கிராமுக்கு மேல போடக்கூடாதுங்கிறதைப் பின்னாடிதான் கத்துக்கிட்டேன்.

பல்பைப் பார்த்ததும் அத்தைக்குப் பிடிக்கல. "நெழல்ல காய வைக்கணும்னு சொன்னா வெளக்கைப் போட்டு வச்சிருக்க, இது வெயில்ல போட்டது மாதிரித்தானத்தா"ன்னாங்க. எனக்கு அது சூட்டுக்குத்தான் வெளிச்சத்துக்கு இல்லன்னு சொல்ல வாய் வந்துச்சு, ஆனா யோசிச்சுப் பார்த்தா அவங்க சொல்றதும் சரிதான், அடித்தட்டு இலை மேல ராத்திரி பூரா நேரா வெளிச்சம் விழுது. பல்புக்கு மேல நாலு இஞ்ச் விட்டு ஒரு தகரத்தைக் கூரை மாதிரி மாட்டினேன், ரெண்டு பக்கமும் மூணு மூணு இஞ்ச் வழி விட்டு, அதுல சூடு மட்டும் மேல ஏறும். அதை மாட்டி நாலாம் நாள் பார்க்கிறேன், வலை ஓரத்துல இருந்து நழுவின வல்லாரை இலை ரெண்டு அந்தத் தகரத்து மேல சருகாகிக் கிடக்கு. தகரம் இல்லன்னா அது நேரா பல்பு மேல விழுந்திருக்கும், மர பீரோ, ராத்திரி நேரம், எல்லாரும் தூக்கம். யாராவது இதே மாதிரி செஞ்சா முதல்ல தகரத்தை மாட்டிட்டு அப்புறம் ஸ்விட்சைப் போடுங்க. பெட்டியையும் சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி, சிமெண்ட் தரையில வையுங்க.

முதல் ஓட்டம் தோல்வி. எட்டு மணி நேரம் ஓடியும் இலை வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்துச்சு. உள்ள வச்ச சின்ன டிஜிட்டல் மீட்டர்ல 41 டிகிரி, ஈரப்பதம் 84. சூடு இருக்கு, காயல, ஏன்னு புரியல. அப்புறம் சாமி ரூம்ல இருந்து ஊதுபத்தி ஒண்ணு கொளுத்தி பெட்டி அடியில பிடிச்சேன். புகை அங்கயே சுத்திக்கிட்டு நிக்குது, மேல போகவே இல்ல. மேல ஃபேன் வச்ச நான் கீழ காத்து உள்ள வர ஓட்டை போடல, கதவு இடுக்குல வர்றது போதும்னு விட்டிருந்தேன். பின்பலகையில அடியோரமா பத்து ஓட்டை, ஒவ்வொண்ணும் ஒரு இஞ்ச், டிரில் போட்டு, பூச்சி வராம உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டினேன். திரும்ப ஊதுபத்தி பிடிச்சா சர்ருன்னு உள்ள இழுக்குது.

ஆனா இப்ப இன்னொரு கோளாறு. புகை முழுசும் பின்பக்கச் சுவரை ஒட்டியே நேரா மேல ஏறி ஃபேன்ல போயிருது, தட்டு மேல இருக்கிற இலையைத் தொடவே இல்ல. எல்லாத் தட்டுக்கும் பின்னாடி ரெண்டு இஞ்ச் இடைவெளி இருந்துச்சு, காத்து சுலபமான வழியில போகுது. அதனால ஒரு தட்டை பின்சுவரு முட்ட தள்ளி முன்னாடி ரெண்டு இஞ்ச் விட்டேன், அதுக்கு மேல் தட்டை முன்னாடி கதவு முட்ட இழுத்துப் பின்னாடி இடைவெளி விட்டேன், இப்படி மாத்தி மாத்தி. அப்புறம் புகை பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒவ்வொரு தட்டு மேலயும் ஊர்ந்து போச்சு. இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப உதவினது ரெண்டு ரூபா ஊதுபத்திதான், மீட்டர் சொன்னதை விட அது சொன்னது ஜாஸ்தி.

மூணாவது கோளாறு ஃபேன் வேகம். 12 வோல்ட் அடாப்டர்ல ஓட்டினா காத்து அதிகமா இழுத்து உள்ள 29 டிகிரிக்கு மேல ஏறவே இல்ல. வீட்டுக்காரரு பழைய போன் சார்ஜர் ஒயரை வெட்டி மாட்டிப் பாருன்னாரு, அது 5 வோல்ட், ஃபேன் மெதுவா சுத்துச்சு, அரை மணியில 43 டிகிரி. வெளிய அன்னைக்கு 18 டிகிரி, ஈரப்பதம் 91. உள்ள, இலை எதுவும் போடாம, ஈரப்பதம் 24. வெளிய இருக்கிற அதே சாரல் காத்துதான், சூடு ஏறினதும் ஈரத்தை இழுக்கிற காத்தா மாறிருது. இலை போட்டதும் ஈரப்பதம் 40க்குப் போச்சு, விடியறப்ப 28க்கு வந்துச்சு.

இனி நேத்து முடிஞ்ச ஆடாதொடை கணக்கு. ஒன்றரை கிலோ பச்சை இலை, நடு நரம்பு தடிமனா இருக்கும், அதை நீளவாக்குல கிழிச்சு எடுத்துட்டு எடை போட்டது. அஞ்சு தட்டு, தட்டுக்கு முந்நூறு கிராம், அமுக்காம பரப்பினேன். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஸ்விட்ச். நடுத்தட்டை மட்டும் சமையல் தராசுல நிறுத்துக்கிட்டே வந்தேன், வெறும் தட்டு எடையைக் கழிச்சுட்டு: ஒம்பது மணிக்கு 214, ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து பார்த்தப்ப 131, காலையில அஞ்சு மணிக்கு 82, ஏழு மணிக்கு 74, ஒம்பது மணிக்கு 73. கடைசி ரெண்டு எடையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வந்துட்டா காஞ்சதுன்னு அர்த்தம், கை சொல்றதும் தராசு சொல்றதும் ஒண்ணா இருந்துச்சு. ஒரு மணிக்கு எழுந்தப்ப அடித்தட்டை மேலயும் மேல்தட்டை கீழயும் மாத்தினேன், இல்லன்னா அடித்தட்டு மூணு மணி நேரம் முன்னாடியே காஞ்சு வறண்டுரும். மொத்தம் கிடைச்சது 365 கிராம். கரண்ட் மூணேகால் யூனிட்.

செலவு, சோலார் பெட்டியைச் சேர்க்காம: ரீப்பர் 340, கொசுவலை 180, ஹோல்டர் பல்பு ஒயர் எல்லாம் சேர்த்து 260, ஃபேன் பழைய சாமான் கடையில 150, மீட்டர் 260, தகரம் 110, கீல் ஆணி 80, ஆசாரி அண்ணன் கூலி 600. ஆக 1,980 ரூபா. பீரோ வீட்டுல இருந்தது.

வல்லாரையில வேற பாடம். ஓடை ஓரத்துல பறிக்கிறப்பவே மேல் தண்ணி எங்க இருந்து வருதுன்னு பார்க்கணும், சாக்கடை கலக்கிற இடத்துல வர்ற வல்லாரை எவ்வளவு பெரிய இலையா இருந்தாலும் தொடக்கூடாது, அது தண்ணியில இருக்கிறதை எல்லாம் இழுத்து வச்சுக்கும். மருந்தடிச்ச தோட்டத்து ஓரமும் அப்படித்தான். நல்லா அலசிட்டு அப்படியே தட்டுல போட்டேன், ஒட்டியிருந்த தண்ணி காயவே நாலு மணி நேரம் கூடுதலா ஆச்சு. அடுத்த தடவை அத்தை ஒரு வேலை செஞ்சாங்க, இலையை வேட்டித் துணியில மூட்டையா கட்டி முத்தத்துல நின்னு கவண் சுத்துற மாதிரி பத்து சுத்து சுத்தினாங்க, தண்ணி எல்லாம் தெறிச்சுப் போச்சு. ஒரு கிலோவுக்கு 125 கிராம்தான் தேறுச்சு. இலை நொறுங்குது, நீளக் காம்பு மட்டும் நூல் மாதிரி வளையுது, நான் கவனிக்காம பாட்டில்ல அடைச்சேன். மறுநாள் காலையில பாட்டில் உள்பக்கம் கழுத்துக்கிட்ட லேசா பனி படிஞ்சிருந்துச்சு. உடனே கொட்டி திரும்ப மூணு மணி நேரம் ஓட்டினேன். இப்ப எதைக் காய வச்சாலும் ஒரு ராத்திரி காலி கண்ணாடி பாட்டில்ல மூடி வச்சுப் பார்த்துட்டுத்தான் பொடிக்கிறது.

மணத்தக்காளி வத்தல் இந்தப் பெட்டியில இன்னும் சரியா வரல. பச்சைக் காயை உப்பு மோர்ல ஊற வச்சு 22 மணி நேரம் ஓட்டினேன், கையில கல்லு மாதிரி இருந்துச்சு, பத்தாம் நாள் டப்பாவுல வெள்ளை படிஞ்சிருச்சு. ஒண்ணைப் பல்லுல கடிச்சுப் பார்த்தா உள்ள பிசுபிசுன்னு ஈரம். மேல் தோல் முதல்ல இறுகிப்போய் உள் ஈரத்தை வெளிய விடல. ஒவ்வொரு காயையும் ஊசியால குத்திட்டு, ஒரு பல்பு மட்டும் போட்டு மெதுவா ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்கணும்.

இடையில ஒரு ராத்திரி கரண்ட் போச்சு, மூணு மணி நேரம். காலையில பார்த்தா முன்னாடி நாள் நொறுங்கின இலை திரும்பவும் துவண்டு போச்சு, 74 கிராம் இருந்தது 80. காஞ்ச இலை இந்தக் காத்துல இருந்து ஈரத்தை அவ்வளவு வேகமா குடிக்குது. அதுல இருந்து கரண்ட் போனா ஃபேன் ஓட்டையையும் அடி ஓட்டையையும் துணி வச்சு அடைச்சிடுவேன், வந்ததும் எடுத்துருவேன்.

ஆடாதொடையை மிக்ஸியில அரைச்சு, எவர்சில்வர் பானை வாயில வேட்டித் துணியைக் கட்டி அதுல சலிச்சது. வஸ்திரகாயம்னு சொல்லுவாங்க. சல்லடையை விட நாலு மடங்கு நேரம் ஆகும், ஆனா பொடி நெத்தியில பூசுற திருநீறு மாதிரி வருது, தொண்டையில உரசாது. 310 கிராம் பொடி, மிச்சம் இருந்த கொரகொரப்பு கஷாயத்துக்கு. கஷாயம் அத்தை எப்பவும் எட்டுக்கு ஒண்ணாத்தான் வத்த வைப்பாங்க, எட்டு டம்ளர் ஊத்தினா ஒரு டம்ளர்ல நிறுத்துறது, இறக்கி ஆறினதும் தேன். பொடி மூணு மாசக் கணக்கு, அதுக்கு மேல வைக்கிறது இல்ல, அதனால பாட்டில் மேல தேதி எழுதி ஒட்டியிருக்கேன். மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு ஆடாதொடை கொடுக்கவே கூடாது, கருப்பையைச் சுருக்கிற குணம் அதுக்கு உண்டு, இதை அத்தை கேட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல கேட்டுட்டுத்தான் பாட்டிலையே எடுப்பாங்க. ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்கும் எங்க வீட்டுல பொடி கிடையாது, கீழ கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி சளி டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிருவோம். கண்ணு மஞ்சளா இருந்தாலும் அப்படித்தான், ரத்தம் பார்த்த பிறகுதான் கீழாநெல்லி பேச்சு.

அடுத்த தடவை மாத்த வேண்டியது ரெண்டு இருக்கு. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியில வைக்கிற தெர்மோஸ்டாட் ஒண்ணு வாங்கி பல்போட சேர்க்கணும், இப்ப நானே எழுந்து எழுந்து ஒரு பல்பை அணைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். கதவு ஓரத்துல சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டணும், இன்னும் அங்க காத்து கசியுது, ஊதுபத்தி காட்டிக் கொடுத்துருச்சு.

இன்னைக்கு சாயந்திரம் தூதுவளை ஏத்துறேன். மேல் வீட்டு சித்தி வேலியில இருந்து அறுத்துக் கொடுத்தாங்க, முள்ளை எல்லாம் சுரண்டி எடுத்த பிறகு ஒரு கிலோ நூறு இருக்கு, மெல்லிசு இலைங்கிறதால தட்டுக்கு 220 கிராம், ஒரே பல்பு, 38 டிகிரிக்கு மேல விடாம. காலையில எடை பார்த்துட்டு இதுலயே கீழ சேர்க்கிறேன்.